பறக்கும்போதே நின்றுபோன வேக்குவம் பம்பு: உத்தரவாத மறுப்பு குறித்துப் புகார்

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

என் பழைய ஒற்றை எஞ்சின் விமானத்தில் விமானத்தின் சாய்வைக் காட்டும் செயற்கைத் தொடுவானமும் திசையைக் காட்டும் ஜைரோவும் காற்றை உறிஞ்சும் வேக்குவத்தில்தான் சுழல்கின்றன. அந்த வேக்குவத்துக்கு எஞ்சினோடு ஓடும் பம்பைத் தவிர வேறு வழி கிடையாது. நீங்கள் புதுப்பித்து விற்ற உலர்வகைப் பம்பு, உத்தரவாதக் காலம் பாதிகூடத் தாண்டாத நிலையில் நடுவானில் நின்றுவிட்டது. மாற்றுப் பம்பு கேட்டேன். "உள்ளே கரித்தூள் காணப்பட்டது, குழாயில் இருந்த அழுக்கே காரணம், உத்தரவாதம் பொருந்தாது" என்று பதில் எழுதியிருக்கிறீர்கள்.

இதை நான் ஏற்க மாட்டேன். அந்தப் பம்பின் ரோட்டாரும் கரி, தகடுகளும் கரி. ஆயில் இல்லாமல், தன் கரி தேய்வதையே வழுவழுப்பாகக் கொண்டு ஓடுகிற பம்பு அது. ரோட்டார் நொறுங்கிய பம்பைத் திறந்தால் கரித்தூள் இல்லாமல் வேறென்ன இருக்கும்? உடைந்ததால் வந்த தூளையே உடைந்ததற்குக் காரணமாகக் காட்டுகிறீர்கள். பழைய பம்பின் தூள் குழாயில் தங்கிப் புதியதைக் கெடுக்கும் என்பது உண்மைதான். அதனால்தான் உங்கள் பம்பைப் பூட்டும் முன்பே ரப்பர் குழாய்களை மாற்றி, மைய ஃபில்டரும் ரெகுலேட்டர் ஃபில்டரும் புதிதாகப் போட்டார் என் மெக்கானிக். துணுக்கு உள்ளே போய்விடக் கூடாதென்று மரைகளில் டெஃப்லான் டேப்கூடச் சுற்றவில்லை. பராமரிப்புப் பதிவேட்டின் நகலையும் பாகங்களின் ரசீதுகளையும் அனுப்பியிருந்தேன். அவற்றைப் பற்றி உங்கள் பதிலில் ஒரு சொல்லும் இல்லை.

அன்று வானம் தெளிவாக இருந்தது. வேக்குவத்தின் அளவைக் காட்டும் சக்‌ஷன் கேஜ் முள் 5 அங்குலத்திலிருந்து பூஜ்யத்துக்கு விழுந்தது. செயற்கைத் தொடுவானம் மட்டும் உடனே விழவில்லை. ஜைரோவின் வேகம் குறையக் குறைய, இறக்கைகள் மட்டமாக இருக்கும்போதே, மெல்ல மெல்ல இடப்பக்கம் சாய்த்துக் காட்டியது. மேகத்துக்குள் இருந்திருந்தால் அந்தப் பொய்ச் சாய்வைச் சரிசெய்யக் கை தானாகப் போயிருக்கும். விமானிகளின் உயிரைக் குடித்திருப்பது இந்த மெதுவான சாய்வுதான். ஆயிலில் ஓடும் பழைய வகைப் பம்பு தேய்ந்தால் பெரும்பாலும் கேஜ் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி எச்சரிக்கும். காற்றோட்டத்தாலேயே வேக்குவம் உண்டாக்க விமானத்துக்கு வெளியே மாட்டும் வென்சூரிக் குழாயில் சுழலும் பாகமே கிடையாது. பனி பிடித்தால் அடைபடும், அது வேறு விஷயம். உலர்வகைப் பம்பு சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். அதை விற்பவர்களுக்குக் கூடுதல் பொறுப்பு இருக்கிறது.

எனவே பம்பைப் பிரித்துப் பார்த்த ஆய்வறிக்கையைப் படங்களோடு எழுத்தில் தாருங்கள். தகடுகளின் மிச்ச நீளம் எவ்வளவு, ரோட்டார் எந்த இடத்தில் விரிசல் விட்டது, பம்பை எஞ்சினோடு இணைக்கும் கப்ளிங் அறுந்தது அதனாலா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். உடைந்த பாகங்களைத் தூக்கிப் போடாமல் எனக்குத் திருப்பி அனுப்புங்கள். மாற்றுப் பம்பு தர முடியாதென்றால் பணத்தைத் திருப்பித் தாருங்கள். அதைவிட அவசரமானது, இதே தொகுதியில் பம்பு வாங்கிய மற்றவர்களுக்கு உடனே தகவல் சொல்வது. அவர்களில் யாராவது இன்று மேகத்துக்குள் பறந்துகொண்டிருக்கலாம்.

இரண்டு வாரத்துக்குள் பதில் வராவிட்டால், விமானப் பாதுகாப்பு ஒழுங்குமுறை அமைப்பிடம் இதே ஆவணங்களோடு குறைபாட்டு அறிக்கை தாக்கல் செய்வேன்.

இப்படிக்கு,
விமான உரிமையாளர்

இணைப்பு: ரசீது, பதிவேட்டு நகல், உங்கள் மறுப்புக் கடிதம்