பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது

அன்புள்ள பாப்பா,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய ரெஸ்யூமைக் கடையில் பிரிண்ட் எடுத்துப் படித்தேன். போனில் படித்தால் எனக்கு மண்டையில் ஏறாது. ஒரே பக்கத்தில் அடக்கிவிட்டாய், நன்றாக இருக்கிறது. எங்கள் காலத்துப் பயோடேட்டாவில் சாதி, மதம், உயரம் வரை எழுதுவோம். பெண் வீட்டுக்குக் கொடுப்பதற்கும் வேலைக்குக் கொடுப்பதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது.

ஆனால் கம்பெனி கொடுத்த விண்ணப்பப் படிவத்தில், அனுபவம் கேட்கும் இடத்தில் ‘ரெஸ்யூமில் பார்க்கவும்’ என்று எழுதியிருக்கிறாயே, அதை மாற்று. 1986-இல் நானும் இதே காரியம் செய்தேன். பாதிக் கட்டங்களில் ‘பயோடேட்டா இணைத்துள்ளேன்’ என்று எழுதி, கெஜட்டட் அதிகாரியிடம் ‘அசலைப் பார்த்தேன், சரி’ என்று பச்சை மையில் கையெழுத்து (அட்டெஸ்டேஷன்) வாங்கிய சான்றிதழ் நகல்களோடு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன். முழுமையாக நிரப்பவில்லை என்று திரும்பி வந்துவிட்டது. அந்த அதிகாரி வீட்டு வாசலில் இரண்டு நாள் நின்றதுதான் மிச்சம்.

ரெஸ்யூம் உன் பேச்சு. எதை முதலில் சொல்வது, எதை விடுவது எல்லாம் உன் இஷ்டம். அம்மாவுக்கு முடியாமல் நீ வீட்டில் இருந்த பதினான்கு மாதத்தை அதில் சொல்லவில்லை, தப்பில்லை. விண்ணப்பத்தில் கேள்வி அவர்களுடையது. எந்த மாதம் சேர்ந்தாய், எந்த மாதம் விலகினாய் என்று கேட்டு, கீழே ‘மேற்கண்டவை உண்மை’ என்று கையெழுத்தும் வாங்குகிறார்கள். அப்புறம் பழைய கம்பெனி விலகும்போது கொடுத்த ரிலீவிங் லெட்டரோடு ஒத்துப் பார்ப்பார்கள். தேதி இடித்தால், வேலையில் சேர்ந்த பிறகுகூட அதைக் காட்டியே வெளியே அனுப்பலாம். ‘தாயாரின் சிகிச்சைக்காக’ என்று எழுதிவிடு. இதில் மறைக்க என்ன இருக்கிறது? அம்மா இப்போது மாடிப்படி ஏறி வடாம் காயப்போடுகிறாள்.

பெயரையும் பார். ரெஸ்யூமில் மாப்பிள்ளை பெயரைச் சேர்த்துப் போட்டிருக்கிறாய். படிவத்தில் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் உள்ளபடியே இருக்கட்டும், இனிஷியல் உட்பட.

அரசு வேலைக்கான டிஎன்பிஎஸ்சி தேர்வு பற்றிக் கேட்டிருந்தாய். அங்கே ரெஸ்யூமுக்கு வேலையே இல்லை. 150 ரூபாய் கட்டி ஒருமுறைப் பதிவு செய்தால் 5 வருஷம் செல்லும். அதுவே விண்ணப்பம் என்று நினைத்து உட்கார்ந்துவிடாதே. ஒவ்வொரு தேர்வுக்கும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

சரி, படிவத்தை அனுப்பும் முன் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள். இன்டர்வியூவில் அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்பார்கள்.

அன்புடன்,
அப்பா