பாய் எங்கே விரித்திருந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற வாரம் உங்கள் பத்திரிகையின் மூன்றாம் பக்கத்தில் "குடும்பஸ்தர் மர்ம மரணம்: மனைவியிடம் விசாரணை" என்றொரு செய்தி வந்திருந்தது. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், ஒரு கிராமத்தில் இரவு சாப்பிட்டுப் படுத்த 34 வயதுக்காரர் சாமத்தில் வயிற்றுவலி, வாந்தி என்று துடித்துக் காலையில் இறந்திருக்கிறார். உடம்பில் காயம் இல்லை. சாப்பாட்டில் மனைவி ஏதோ கலந்துவிட்டார் என்று உறவினருக்குச் சந்தேகம். செய்வினை என்றும் ஊரில் பேச்சு. இரண்டையும் உங்கள் நிருபர் எழுதியிருக்கிறார். அந்த மனிதர் கட்டிலில் படுத்தாரா, நிலத்தில் படுத்தாரா என்பதை எழுதவில்லை. அந்த ஒரு விபரத்தைத் தேடித்தான் நான் செய்தியை நாலு தரம் வாசித்தேன்.

என் அப்பா இறந்ததும் இப்படித்தான். 1978 நவம்பர் 23 சூறாவளியில் எங்கள் வீடு போய்விட்டது. அடுத்த மாரிக்கும் கிடுகு வேய்ந்த மண்குடிசையில்தான் இருந்தோம். ஒரு மூலையில் நெல் மூட்டை, அதைச் சுற்றி எலி. 1979 ஒக்டோபர் கடைசி. இரண்டு நாள் விடாத மழையில் வயல் வட்டையெல்லாம் தண்ணீர். எனக்கு 14 வயது. அப்பா விதைப்பு வேலை முடித்து வந்து, சோறும் தயிரும் வாழைப்பழமும் சாப்பிட்டுவிட்டு நிலத்தில் பன்பாயை விரித்துப் படுத்தார். அதே சட்டித் தயிரைத்தான் நாங்கள் எல்லோரும் சாப்பிட்டோம்.

சாமத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். இரண்டு தரம் வாந்தி. அம்மா இஞ்சி இடித்துக் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் "தொண்டைக்குள்ள இறங்குதில்ல" என்றார் அப்பா. பிறகு இமை இரண்டும் விழுந்துவிட்டன. "கண்ணத் திறங்க, கண்ணத் திறங்க" என்று அம்மா கெஞ்ச, நெற்றியைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தார், முடியவில்லை. விடியும்போது தலையைக்கூடப் பாயிலிருந்து தூக்க ஏலாமல் கிடந்தார். அப்போது எங்கள் ஊர்ப் பக்கம் வாவிக்குப் பாலம் இல்லை, பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில்தான் அக்கரைக்குப் போகவேண்டும். முதல் பாதை வெளிக்கிடுமுன் மூச்சு நின்றுவிட்டது.

அப்பா அயலூர்க்காரர். எங்கள் பகுதி வழக்கப்படி கல்யாணம் முடித்து அம்மாவின் வீட்டுக்கு வந்தவர். மூச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே அவருடைய அக்கா, என் மாமி, ஓடி வந்துவிட்டார். பாயில் கிடந்தவரைப் பார்த்ததும் அம்மாவைப் பார்த்துக் கத்தினார்: "மருந்து போட்டு என்ட தம்பியப் பாயோட ஒட்ட வச்சிட்டியேகா!"

மட்டக்களப்புக்குப் போனால் பாயோடு ஒட்ட வைத்துவிடுவார்கள் என்று வெளியூரார் சொல்வதை நாமும் சிரித்துக்கொண்டு கேட்கிறோம். உபசரிப்புக்குச் சொன்னது என்பார் சிலர், வசியத்துக்குச் சொன்னது என்பார் சிலர். எனக்கு அந்தப் பேச்சைக் கேட்டால், பாயிலிருந்து எழும்ப முடியாமல் கிடந்த அப்பாவின் முகம்தான் வரும்.

அம்மாவைப் பொலிஸ் கொண்டுபோய் இரண்டு இரவு வைத்திருந்தது. பிரேத பரிசோதனையில் எடுத்த உறுப்புகள் கொழும்புக்கு அரச பகுப்பாய்வாளரிடம் போயின. மாதக்கணக்குக்குப் பிறகு, நஞ்சு எதுவும் இல்லை என்று அறிக்கை வந்தது. வழக்கு அதோடு நின்றது. ஊர் நிற்கவில்லை. கொழும்பு மெசினுக்கும் பிடிபடாத மருந்து என்றால் அது எப்பேர்ப்பட்ட மருந்து என்று கேட்டார்கள். அம்மா குற்றமற்றவர் என்று சொல்ல வந்த கடதாசியே அவருக்கு எதிரான சாட்சியானது. எங்கள் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிப்பவர்கள் குறைந்தார்கள். அக்காவுக்கு வந்த இரண்டு சம்பந்தம் குழம்பியது. வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்கு அம்மா தவறாமல் போவார். வழக்குரை பாடத் தொடங்கினால் மட்டும் எழும்பி வெளியே வந்துவிடுவார்.

நான் தாதியானேன். 2004 ஒக்டோபரில், நான் வேலை செய்த தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு 17 வயதுப் பொடியன் ஒருவனைக் கொண்டுவந்தார்கள். சாமத்தில் வயிற்றுவலி, வாந்தி, பிறகு இமை விழுந்து, வாய் குழறி, மூச்சு இளைத்து. பேய் அடித்தது என்று கழிப்புக் கழித்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள். கையில் நூல் கட்டியிருந்தது. டொக்டர் இமையைப் பார்த்தார், உடனே கேட்டார்: "நிலத்திலயா படுத்தவன்?" வீட்டுக்குத் தகவல் போய்ப் பாயைத் தூக்கி உதறினால், கறுப்பில் மெல்லிய வெள்ளை வளையம் போட்ட எண்ணெய் விரியன். எட்டடி விரியன், கட்டுவிரியன் என்பதும் அதைத்தான்.

மழைக்காலத்தில் பொந்துக்குள் தண்ணீர் புக, இது எலிக்கும் பல்லிக்கும் வீட்டுக்குள் வரும். உறங்குகிறவர் புரண்டு படுக்கும்போது கடிக்கும். பல் சின்னது. பலருக்குக் கடித்ததே தெரியாது. வீக்கமும் இராது, தடமும் சில வேளை கண்ணுக்குப் படாது. தசைக்கு உத்தரவு கொண்டுபோகும் நரம்பின் நுனிகளையே இந்த நஞ்சு அழித்துவிடுகிறது. இமை, தொண்டை, கழுத்து, கடைசியில் மூச்சு. அழிந்த நுனியை விஷமுறிவு மருந்தால் திரும்பக் கட்ட முடியாது. அது தானாக வளரும்வரை இயந்திரம்தான் மூச்சுவிட வேண்டும். பொடியன் ஒன்பது நாள் இயந்திரத்தில் கிடந்தான். ஒரு கட்டத்தில் கண்மணி விரிந்து, வெளிச்சத்துக்கும் அசையவில்லை. பார்ப்பவர்களுக்கு அவன் செத்தவன்தான். குழாய் எடுத்த பிறகு அவன் சொன்னது என்னை உலுக்கிவிட்டது. செத்தவீட்டுக்குப் பந்தல்காரனிடம் சொல்லுவோமா என்று அவனுடைய மாமா கட்டிலடியில் நின்று கேட்டாராம். அது அவனுக்குக் கேட்டதாம். எல்லாமே கேட்டதாம்.

அன்று வேலை முடிந்து நேரே அம்மாவிடம் போனேன். அப்பாவின் கண்மணி எப்படி இருந்தது என்று கேட்டேன். நெல்லுக்கு அடிக்கும் பூச்சிமருந்து வயிற்றுக்குள் போனால் பெரும்பாலும் கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும். அம்மா யோசிக்கவே இல்லை. "குப்பி விளக்கக் கிட்டப் பிடிச்சுப் பார்த்தன் மனே, கறுப்பு முழுக்க விரிஞ்சு கிடந்திச்சு." 25 வருடமாக அந்தத் தடயத்தை வைத்திருந்திருக்கிறார். எவரும் கேட்கவில்லை. பொடியனின் கதையை முழுக்கச் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப, உங்கட மாமி சொன்னதும் அவருக்குக் கேட்டிருக்குமா?" என்றார். இல்லையம்மா, அப்பாவுக்கு அப்போது நினைவு இல்லை என்றேன். நான் அம்மாவுக்குச் சொன்ன பெரிய பொய் அது. 2009இல் அம்மா போய்ச்சேர்ந்தார்.

மாமியைக் குறைசொல்ல நான் இதை எழுதவில்லை. வயிற்றுவலியோடு வருகிற இப்படிப்பட்டவர்களை வாய்வு என்று வைத்தியர்களே பிழையாக எடுத்ததும் உண்டு. 2012, 2013 காலத்தில் வீடு வீடாகப் போய்ச் செய்த தேசிய ஆய்வு, இந்த நாட்டில் ஒரு வருடத்தில் சுமார் 80,000 பேரைப் பாம்பு கடிப்பதாகவும் 400க்கும் மேற்பட்டோர் இறப்பதாகவும் கண்டது. அதில் ஒரு மரணமாவது பெண்ணொருத்தியின் தலையில் ஏறாமல் இருக்கவேண்டும் என்பதுதான் என் கவலை.

திடீர் மரண விசாரணை அதிகாரிகளுக்கும் பொலிஸாருக்கும் என் வேண்டுகோள் இதுதான். வழமையான இரசாயனப் பரிசோதனை பூச்சிமருந்தையும் மாத்திரையையும் தேடும். பாம்பு நஞ்சு புரதம், அது அந்த வலையில் விழாது. இரத்தத்தில் அதைக் கண்டுபிடிக்கும் வேறு சோதனை உண்டு, ஆனால் அதற்கென்று இரத்தத்தை முதல் நாளே எடுத்து வைக்கவேண்டும். நிலத்தில் படுத்தாரா, மழை பெய்ததா, இமை எப்போது விழுந்தது, பேச்சு எப்போது குழறியது என்று வீட்டாரிடம் கேளுங்கள். மனைவியிடமும் கேளுங்கள். பக்கத்தில் இருந்தவர் அவர்தானே. வாசகர்கள் நிலத்தில் படுக்க நேர்ந்தால் நுளம்பு வலையைப் பாயின் அடியில் நன்றாகச் செருகிக்கொள்ளுங்கள்.

ஆசிரியர் அவர்களே, அந்தப் பெண்ணின் பெயரும் ஊரும் உங்கள் செய்தியில் வந்துவிட்டன. இரண்டு சின்னப் பிள்ளைகள் என்றும் இருக்கிறது. அறிக்கையில் நஞ்சு இல்லை என்று வந்தால், அதே மூன்றாம் பக்கத்தில் அதே அளவு எழுத்தில் போடுங்கள். கட்டுவிரியன் என்ன செய்யும் என்பதையும் பக்கத்திலேயே போடுங்கள். அதை வெட்டி அந்த வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க நான் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதி உத்தியோகத்தர்,
படுவான்கரை, மட்டக்களப்பு.