பிடிபட்ட கிலோ கணக்கோடு, விடும் வழியையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கஞ்சா செய்தி இல்லாமல் உங்கள் நாளிதழ் வருகிற நாள் குறைவு. எத்தனை கிலோ, எந்த ரயில், எத்தனை பேர் கைது, மேசையில் அடுக்கிய பொட்டலங்களுக்குப் பின்னால் போலீசார் நிற்கும் படம். அதைப் படிக்கிற வீடுகள் சிலவற்றில், விட நினைத்தும் விட முடியாத ஒரு பையன் உள் அறையில் படுத்திருக்கிறான். அவனுக்கென்று அந்தச் செய்தியில் ஒரு வரிகூட இருப்பதில்லை. போதை மீட்புக்கான தேசியக் கட்டணமில்லா எண் 14446. மனநல ஆலோசனைக்கு 14416. ஒவ்வொரு கஞ்சா செய்தியின் அடியிலும் இந்த இரண்டையும் அச்சிட வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை. 2019-இல் மத்திய அரசு வெளியிட்ட தேசிய ஆய்வின்படி நாட்டில் கஞ்சா, பாங்கு (கஞ்சா இலையை அரைத்துச் செய்வது) வகைகளைப் பயன்படுத்துவோர் சுமார் 3.1 கோடி, உதவி தேவைப்படும் நிலையில் இருப்போர் சுமார் 72 லட்சம். உங்கள் வாசகர்களிலும் அவர்கள் இருப்பார்கள்.

கண் சிவப்பு, சட்டையில் வாடை, பையில் கண் சொட்டு மருந்து என்று பெற்றோர் துப்பறிகிறார்கள். அதிலிருந்து அவன் இழுத்தானா என்பது தெரியலாம். அடிமையாகிவிட்டானா என்பது தெரியாது. அதற்குச் சாப்பாட்டையும் தூக்கத்தையும் கவனிக்க வேண்டும். தினமும் இழுப்பவனுக்கு நாளடைவில் இரண்டும் கஞ்சா இருந்தால்தான் வரும். கையில் சரக்கு இல்லாத நாளில் இரண்டு வாய்க்கு மேல் சோறு இறங்காது. விடிய விடியப் புரளுவான், கூப்பிட்டாலே எரிந்து விழுவான். மறுநாள் வெளியே போய் அரை மணியில் திரும்பி, சிரித்துப் பேசி, நாலு தோசை கேட்பான். அம்மா அன்றைக்குத்தான் ‘பிள்ளை தேறிட்டான்’ என்று நிம்மதியாவார். இதோடு, அளவு ஏறிக்கொண்டே போவது, குறைக்கிறேன் என்று சொல்லித் திரும்பத் திரும்பத் தோற்பது, பழைய நண்பர்களும் விளையாட்டும் கழன்றுபோவது, போதையிலேயே வண்டி ஓட்டுவது ஆகியவையும் சேரும். மருத்துவர்கள் பார்க்கும் அளவுகோல்கள் 11. ஓராண்டுக்குள் அவற்றில் 2 பொருந்தினாலே சிகிச்சை பற்றிப் பேசலாம். 6 அல்லது அதற்கு மேல் என்றால் கடுமையான நிலை.

‘கஞ்சாவை விட்டால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது, எல்லாம் மனசுதான்’ என்று இன்னமும் சொல்கிறார்கள். தினமும் இழுத்தவர் நிறுத்தினால் பெரும்பாலும் 24 முதல் 72 மணி நேரத்துக்குள் எரிச்சல், பதற்றம், பசியின்மை, இரவு வியர்வை, தலைவலி, வயிற்றுப் பிடிப்பு தொடங்கும். முதல் வாரத்தில் உச்சம், இரண்டு மூன்று வாரத்தில் தணிவு. தூக்கக் குறைவும் விசித்திரமான கனவுகளும் மட்டும் ஒரு மாதத்தைத் தாண்டியும் நீளலாம். மூளையில் கஞ்சா போய் ஒட்டும் ஏற்பிகள் தொடர் பயன்பாட்டில் குறைந்துவிடுகின்றன; நிறுத்திய இரண்டாம் நாளிலிருந்தே மீளத் தொடங்கி, நான்கு வாரத்தில் ஏறத்தாழப் பழைய நிலைக்கு வருவதை ஸ்கேன் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்த நான்கு வாரத்தைக் கடத்துவதுதான் பெரிய வேலை. ‘ஊர்ப்பட்ட கோபம் வருது, திரும்ப அடிக்கிறான் போல’ என்று வீடு சண்டையில் இறங்குவதும் சரியாக அப்போதுதான். நிறுத்தியதால்தான் அந்தக் கோபம் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை.

நிறுத்தும் நாளை முன்கூட்டியே குறித்து, முதல் நான்கைந்து நாளுக்கு வேலையில் விடுப்பு எடுப்பது நல்லது. பொட்டலம் மட்டும் போனால் போதாது. சுருட்டும் தாள், லைட்டர், விற்பவரின் எண் எல்லாம் போக வேண்டும். முடிந்தால் சிம்மையே மாற்றலாம், ஏனென்றால் இரண்டு வாரம் ஆளைக் காணோம் என்றால் விற்பவரே கூப்பிடுவார். ஒரேயடியாக முடியாதவர்கள் அன்றைய முதல் இழுப்பைத் தள்ளிப்போட்டு, அதை மாலைக்குக் கொண்டுவந்து, நாலைந்து நாளுக்கு ஒருமுறை கால் பங்கு குறைத்து, இரண்டு மூன்று வாரத்தில் முடிக்கலாம். பொட்டலத்தை இன்னொருவர் கையில் கொடுத்து வைக்காவிட்டால் இந்தக் கணக்கு நடக்காது. பசி திரும்பும் வரை கஞ்சி, இட்லி, மோர் எனக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். மதியத்துக்கு மேல் டீ, காபி வேண்டாம். ஏக்கம் அலையாக எழும்பும். பெரும்பாலும் அரை மணிக்குள் இறங்கிவிடும். அந்த அரை மணிக்கு என்ன செய்வது, யாரைக் கூப்பிடுவது என்பதை முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும். சம்பள நாளுக்குத் தனித் திட்டம் தேவை.

நம் ஊரில் பலர் பீடியிலோ சிகரெட்டிலோ புகையிலையோடு கலந்துதான் இழுக்கிறார்கள். ஆகவே விட வேண்டியது இரண்டு. கஞ்சாவை மட்டும் விட்டு, ‘சிகரெட்தானே’ என்று தொடர்ந்தால், விரலிடுக்கில் அது இருக்கும் ஒவ்வொரு முறையும் பழைய ஏக்கம் கிளம்பும். நிகோடின் சூயிங்கம் அல்லது தோலில் ஒட்டும் நிகோடின் பட்டை பற்றி மருத்துவரிடம் கேட்கலாம். வாரம் ஒரு குவார்ட்டர் பரவாயில்லை என்று வீட்டாரே அனுமதிப்பதும், தெரிந்த மருந்துக்கடையில் தூக்க மாத்திரை வாங்கித் தருவதும் அடுத்த அடிமைத்தனத்துக்குக் கதவு திறக்கும். கஞ்சா அடிமைத்தனத்துக்கென்று அங்கீகரிக்கப்பட்ட தனி மாத்திரை இதுவரை இல்லை. தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் சில வாரம் மருந்து தருவார்கள். மீதி ஆலோசனையும் தொடர் கவனிப்பும்தான். ‘ஒரே ஊசியில் விட வைக்கிறோம்’ என்ற விளம்பரங்களை நம்ப வேண்டாம் (உங்கள் விளம்பரப் பக்கமும் இதைக் கவனிக்கலாம்).

சிறுநீர்ப் பரிசோதனைப் பட்டையால் உடைந்த வீடுகள் உண்டு. கஞ்சாவின் கழிவு உடல் கொழுப்பில் தங்கி மெல்ல வெளியேறும். ஒருமுறை இழுத்தவருக்குச் சுமார் 3 நாள், தினமும் இழுத்தவருக்கு 10 முதல் 15 நாள், பல ஆண்டு அதிகமாக இழுத்தவருக்கு 30 நாளுக்கு மேலும் ‘பாசிட்டிவ்’ காட்டலாம். விட்ட பன்னிரண்டாம் நாளில் பட்டையைக் காட்டி ‘பொய் சொல்றியா?’ என்று கேட்டால், நிஜமாகவே விட்டவன் ‘எப்படியும் நம்பப் போறதில்ல’ என்று அன்று மாலையே போய்விடுவான்.

வீட்டில் வைத்துச் சமாளிக்கக் கூடாத நிலைகளும் உண்டு. காதில் குரல் கேட்கிறது, எல்லோரும் சதி செய்கிறார்கள் என்ற பேச்சு, சில இரவுகள் தூக்கமே இல்லாமை, தற்கொலைப் பேச்சு. இவற்றில் எது தெரிந்தாலும் அன்றே மனநல மருத்துவரிடம் போக வேண்டும். குடும்பத்தில் ஏற்கெனவே மனச்சிதைவு நோய் இருந்தால் கூடுதல் அவசரம். மந்திரித்துக் கயிறு கட்டப் போய் நாட்களை இழப்பவர்கள் அதிகம். இன்னொன்று அல்சர் என்று பெயர் வாங்கித் திரியும்: காலையில் குமட்டல், விடாத வாந்தி, வெந்நீரில் குளித்தால் மட்டும் சற்று அடங்கும். எண்டோஸ்கோப்பியில் ஒன்றும் இருக்காது. நீண்ட நாள் கஞ்சாவால் வருவது அது, நிறுத்தினால்தான் தீரும். மருத்துவரிடம் கஞ்சாவை மறைத்தால், சோதனைச் செலவுதான் மிச்சம்.

சிகிச்சைக்குப் போனால் போலீஸ் வழக்கு வரும் என்ற பயம் பலரைத் தடுக்கிறது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு, பயன்படுத்திய குற்றத்துக்கோ சிறு அளவு வைத்திருந்த குற்றத்துக்கோ ஆளானவர், தானே முன்வந்து அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்கு தருகிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கைத் திரும்பப் பெறலாம். விற்றவருக்கு இது பொருந்தாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் கேளுங்கள். 2025-இல் அரசு மருத்துவமனைகளில் ‘கலங்கரை’ என்ற பெயரில் போதை மீட்பு மையங்களும் தொடங்கப்பட்டன.

தனியார் மையம் என்றால், மாநில மனநல ஆணையப் பதிவுச் சான்றையும், மனநல மருத்துவர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார் என்பதையும் கேட்டுப் பாருங்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் போதைப் பழக்கம் தொடர்பான மனநிலைகளையும் உள்ளடக்கியது. எந்த வடிவிலும் சங்கிலியால் கட்டுவதை அது தடை செய்கிறது. ராத்திரியில் வண்டி அனுப்பி ஆளைத் தூக்கிக்கொள்கிறோம், மூன்று மாதம் யாரும் பார்க்கவோ பேசவோ கூடாது என்று சொல்லும் இடத்தில் முன்பணம் கட்டாதீர்கள்.

இப்படிக்கு,
போதை மீட்புப் பணியில் உள்ள ஆலோசகர்கள் சிலர்,
மதுரை