மூச்சுக் காட்டாமல் வளர்ந்தவர்கள்: தியான, யோகா ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர்களுக்கு,

வணக்கம். யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் கோயில் மண்டபங்களிலும் சனசமூக நிலையங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் தியானமும் யோகாவும் சொல்லித்தருகிறவர்கள் நீங்கள். நான் ஓர் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. உங்கள் வேலையில் எனக்கு நம்பிக்கை இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு தியான வகுப்புக்குப் போனேன். நித்திரை சரியாக வருவதில்லை, போய்ப் பார் என்று கூட வேலை செய்யும் ரீச்சர் ஒருவர் சொன்னார். மண்டபத்துக் கதவைச் சாத்தி விளக்கை அணைத்தார்கள். "கண்ணை மூடுங்கோ. அசையாமல் இருங்கோ. மூச்சை மட்டும் கவனியுங்கோ" என்றார் மாஸ்டர். அன்பான குரல்தான். மூன்று நான்கு நிமிடம் போயிருக்கும், விரல்கள் விறைக்கத் தொடங்கின. நெஞ்சு அடிப்பது காதில் கேட்டது. எங்கிருந்தோ ஈர மண் மணம் வந்தது. அந்த மண்டபத்தில் இருந்தது சீமெந்துத் தரை. எழும்பப் பார்த்தேன். "மனம் ஓடத்தான் பார்க்கும், விடாதேயுங்கோ" என்று தோளில் கை வைத்து மெல்ல அழுத்தினார். செருப்பைக்கூடப் போடாமல் தெருவுக்கு ஓடி வந்துவிட்டேன்.

அந்த ஈர மண் எங்கள் வீட்டுப் பங்கருடையது. கோடிப்புறத்தில் 'ட' வடிவத்தில் வெட்டி, மேலே பனங்குற்றி அடுக்கி, மண்மூட்டை போட்ட பதுங்குகுழி. குண்டு போட வரும் பொம்மர் விமானத்தின் இரைச்சல் கேட்டவுடன் ஓடிப்போய் உள்ளே குந்துவோம். அம்மம்மா என்னை மடிக்குள் இறுக்கி வாயைப் பொத்துவா. "மூச்சுக் காட்டாதை" என்பா. சத்தம் போடாதே என்பதற்கு நாம் எல்லோரும் சொல்லும் சொல்தான் அது. எட்டு வயதில் நான் அதைச் சொல் பிசகாமல் எடுத்துக்கொண்டேன். மூச்சை உண்மையாகவே அடக்கிக்கொண்டு இருந்தேன். 1995 ஒக்டோபர் 30 இரவு போருக்குப் பயந்து யாழ்ப்பாணத்து வலிகாமமே எழும்பி, கொட்டும் மழையில் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோதும், அந்த நெரிசலில் நான் அழவில்லையாம். "எவ்வளவு நல்ல பிள்ளை, ஒரு சத்தமில்லை" என்று சனம் சொன்னதை அம்மா இன்றைக்கும் பெருமையாகச் சொல்லுவா.

இருட்டில் கண்ணை மூடிக்கொண்டு, அசையாமல், மூச்சைப் பார்த்தபடி இருப்பதை நான் எட்டு வயதிலேயே பழகிவிட்டேன். குண்டு விழப்போகிறது என்பதற்கு என் உடம்பு வைத்திருந்த அடையாளமே அதுதான். மாஸ்டர் அதை அமைதிக்கான வழி என்று சொன்னார். உடம்பு அதை நம்பவில்லை.

நான் உங்களிடம் கேட்பது ஒன்றுதான். கண் மூடுவதையும் அசையாமல் இருப்பதையும் கட்டளையாகச் சொல்லாதீர்கள். வேண்டுமென்றால் செய்யலாம், வேண்டாமென்றால் விடலாம் என்று வாய் திறந்து சொல்லுங்கள். உங்கள் முன் பாயில் உட்கார்ந்திருப்பவர்களில் யார் எந்தப் பங்கரிலிருந்து வந்தவர் என்று உங்களுக்குத் தெரியாது. போரை விடுங்கள். வீட்டுக்குள்ளேயே, தெரிந்த ஒருவரின் கையால் காயப்பட்ட பிள்ளைகள் வளர்ந்து உங்கள் வகுப்புக்கு வருகிறார்கள். கால் விரலில் தொடங்கித் தலை வரைக்கும் உடம்பு முழுவதையும் கவனித்துக்கொண்டு வாருங்கள் என்று நீங்கள் சொல்லும்போது, அவர்கள் போக விரும்பாத இடங்களும் அந்த வழியில்தான் இருக்கின்றன.

நம் மொழிக்கு இது முன்பே தெரியும். பயம் என்றால் நாம் ஈரக்குலை நடுங்கியது, வயிற்றைக் கலக்கியது, கைகால் விறைத்தது என்றுதான் சொல்கிறோம். ஆபத்தைக் கண்டதும் அட்ரினலின் சுரக்கிறது, இதயம் விரைகிறது, ஓடவோ எதிர்க்கவோ தசைகள் இறுகுகின்றன. ஓடவும் முடியாது, எதிர்க்கவும் முடியாது என்றால் உடம்பு அப்படியே உறைந்துபோகிறது. பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இந்தக் கடைசி வழிதான் மிஞ்சும். எட்டு வயதுப் பிள்ளை எங்கே ஓடும்? அது திரும்பத் திரும்ப நடந்தால், ஆபத்துப் போன பின்பும் உடம்பு காவலைக் கைவிடுவதில்லை. வாசலில் ஒரு மணி அடித்தாலே திடுக்கிடுகிறது. இதைத்தான் மனவடு நோய் என்கிறார்கள். "பிள்ளை வெருண்டுபோச்சு" என்று என்னைக் கோயிலுக்குக் கூட்டிப்போய் நூல் கட்டுவித்த அம்மம்மாவுக்கு நோய் தெரிந்திருந்தது. தன் கையால் என் முதுகைத் தடவித் தடவி என்னை நித்திரையாக்கியதும் ஒரு மருந்துதான் என்று இன்றைக்கு நினைக்கிறேன்.

சரி, அப்படியென்றால் தியானமே வேண்டாமா? நான் அப்படிச் சொல்லவில்லை. இந்த மண்ணிலேயே அதற்கு நல்ல முன்னுதாரணம் உண்டு. யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் வேலை செய்த உளமருத்துவர் தயா சோமசுந்தரம், மல்லாந்து கிடந்து உடம்பைத் தளர்த்தும் சாந்தி ஆசனத்தையும் மூச்சுப் பயிற்சியையும் மந்திரம் சொல்வதையும் சிகிச்சையில் சேர்த்தவர். அதிலும் ஒன்றை எல்லோருக்கும் திணிக்கவில்லை. சைவர்களுக்கு ஓம், பௌத்தர்களுக்குப் புத்தம் சரணம், கத்தோலிக்கருக்குச் செபமாலை, முஸ்லிம்களுக்கு சுப்ஹானல்லாஹ் என்று அவரவர் நாவில் ஏற்கெனவே இருந்ததையே எடுத்துக்கொண்டார். அந்த மரியாதையைத்தான் நான் உங்களிடமும் கேட்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. சுனாமிக்குப் பிறகு, 2005இல், வடகிழக்கில் போரும் கடலும் இரண்டும் அடித்து மனவடு நோய் கண்ட 31 பிள்ளைகளை இரண்டு பகுதியாகப் பிரித்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பகுதியினருக்குத் தங்கள் கதையைத் தொடக்கத்திலிருந்து சொல்லிக் கடக்கும் சிகிச்சை, மற்றப் பகுதியினருக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும். இரண்டுக்கும் ஆறு ஆறு அமர்வு. ஆறு மாதத்துக்குப் பிறகு பார்த்தபோது முதல் பகுதியில் 81 வீதமானோரும் இரண்டாவதில் 71 வீதமானோரும் தேறியிருந்தார்கள். பிள்ளைகளின் தொகை சிறியது என்பதால் இந்த வித்தியாசத்தைப் பெரிதாக எடுக்க முடியாது. ஒரு சிகிச்சையும் பெறாத பிள்ளைகளோடு ஒப்பிட்டதும் இல்லை. ஆனாலும் நம்முடைய பிள்ளைகள், நம்முடைய மண். எனக்கு அது பெரிய ஆறுதல்.

அமெரிக்காவில் உளமருத்துவர் பெசல் வான் டெர் கோல்க் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வையும் சொல்லவேண்டும். நீண்ட காலமாக எந்தச் சிகிச்சைக்கும் சரியாக அசைந்து கொடுக்காத மனவடு நோய் உள்ள 64 பெண்கள். பாதிப் பேருக்கு வாரம் ஒரு மணித்தியாலம் என்று பத்து வாரம் யோகா. முடிவில் யோகா செய்தவர்களில் பாதிக்குச் சற்று அதிகமானோர் அந்த நோயின் வரையறைக்குள் வரவில்லை. மற்றப் பகுதியில் அப்படித் தேறியவர்கள் ஐந்தில் ஒருவர் அளவுதான். அங்கே கற்பித்த முறையை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். ஆசிரியர் யாரையும் தொட்டுத் திருத்துவதில்லை. "கையைத் தூக்குங்கள்" என்பதில்லை, "விரும்பினால் கையைத் தூக்கிப் பார்க்கலாம்" என்பார்கள். ஆசனம் சரியா பிழையா என்ற பேச்சும் இல்லை. சிறு வயதில் தன் உடம்பின்மேல் தனக்கு ஒரு சொல்லும் இல்லாமல் போனவருக்கு, கையைத் தூக்குவதா விடுவதா என்று தானே முடிவெடுப்பதுதான் பயிற்சி.

நான் தேறியதும் அப்படித்தான். அந்த வகுப்பிலிருந்து ஓடி வந்த பிறகு ஓர் உளவளத்துணையாளரிடம் போனேன். முதல் நாள் அவர் என் கதையைக் கேட்கவில்லை. "இந்த அறையில் உங்கள் கண்ணுக்குப் பிடித்த இடம் எது?" என்று கேட்டார். யன்னலுக்கு வெளியே ஒரு முருங்கை நின்றது. அதைக் காட்டினேன். பாதம் தரையில் படுவது தெரிகிறதா என்று கேட்டார். அவ்வளவுதான் அன்றைக்கு. பிறகு பங்கரைப் பற்றி இரண்டு வசனம் சொல்வேன், நெஞ்சு இறுகத் தொடங்கும், உடனே முருங்கைக்குத் திரும்பச் சொல்வார். காற்றில் காய் ஆடுவதைப் பார்ப்பேன். இறுக்கம் தணிந்த பிறகு இன்னும் இரண்டு வசனம். ஒரு நாள், "அந்தப் பங்கருக்குள் உங்கள் உடம்பு என்ன செய்ய விரும்பியது?" என்றார். எல்லாவற்றையும் தள்ளிவிட்டு ஓட விரும்பியது என்றேன். சுவரில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளச் சொன்னார். தள்ளினேன். தோள் நடுங்கியது, முழங்கால் நடுங்கியது, அழுகை வந்தது. அப்புறம் ஒரு பெரிய கொட்டாவி. அன்றிரவு விடியும் வரை நித்திரை கொண்டேன். உடல்வழியான இத்தகைய முறைகளுக்கு ஆய்வு ஆதாரம் இன்னும் மெல்லியதுதான், என் ஒருத்தியின் அனுபவம் ஆய்வாகாது. ஆனால் அந்தக் கொட்டாவி பொய்யில்லை.

ஆகவே உங்கள் வகுப்பில் சில சின்ன மாற்றங்கள். கதவைச் சாத்தவேண்டாம், ஒரு விளக்காவது எரியட்டும். மூச்சைக் கவனிக்க முடியாதவருக்குப் பாதத்தையோ உள்ளங்கையையோ வெளியே கேட்கும் காகத்தையோ கொடுங்கள். முதல் நாள் இரண்டு நிமிடம் போதும். கும்பகத்தை, அதாவது மூச்சை அடக்கி நிறுத்துவதை, தொடக்கத்தில் தயவுசெய்து வேண்டாம். வெளிமூச்சை நீட்டுங்கள், உள்மூச்சில் சற்று விரையும் இதயம் வெளிமூச்சில் தணியும். ஓம் சொல்லும்போதும் தேவாரம் பாடும்போதும் நடப்பது அதுதானே. யாராவது எழும்பிப் போனால் போகட்டும். ஏன் போனாய் என்று எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள். நடுக்கம் நிற்காதவர்களை, தன்னையே மறந்து வெறித்துப் பார்ப்பவர்களை வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். 1926 என்ற உளநல உதவி இலக்கத்தை மண்டபத்தில் ஒட்டி வையுங்கள்.

பள்ளிக்கூடங்களுக்கு வருகிற ஆசிரியர்களிடம் தனியாக ஒரு வார்த்தை. என் வகுப்பில் 2009க்குப் பல வருடங்களுக்குப் பிறகு பிறந்த பிள்ளைகள்தான் இருக்கிறார்கள். போரைக் கண்டதில்லை. ஆனால் கரும்பலகையில் எழுதக் கையைத் தூக்கினால் தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொள்ளும் பிள்ளை இருக்கிறது. வீட்டில் இன்னும் அடி விழுகிற பிள்ளைக்கு நாம் தியானம் சொல்லிக்கொடுத்து அமைதியாக இருக்கப் பழக்கினால், அந்த அடியைத் தாங்கப் பழக்குகிறோம். முதலில் அடி நிற்கவேண்டும். சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம் 1929. அதை அழைக்கத் தயங்காதீர்கள், பள்ளிக்கூடத்துக்குள் பிரம்பு இருந்தால் அதையும் கேள்வி கேளுங்கள். அதற்குப் பிறகு மூச்சுப் பயிற்சி செய்யலாம். நாங்கள் செய்கிறோம். உள்ளங்கையைக் குவித்து, அதில் சூடான பிளேன்ரீ இருக்கிறது, ஊதி ஆற்றுங்கோ என்பேன். முப்பது பிள்ளைகளும் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு நீட்டி நீட்டி ஊதுவார்கள். "ரீச்சர், என்ரை இன்னும் ஆறேல்லை" என்று ஒன்று திரும்பவும் ஊதும்.

அந்த மாஸ்டரின் மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்கு யாரும் இதைச் சொல்லியிருக்கமாட்டார்கள். அடுத்த மாதம் அவருடைய வகுப்புக்குத் திரும்பவும் போகலாம் என்று இருக்கிறேன். இதை அவரும் வாசித்தால், கதவோரமாக ஒரு பாய் போட்டு வைக்கட்டும்.

இப்படிக்கு,
ஓர் ஆரம்பப் பள்ளி ஆசிரியை,
யாழ்ப்பாணம்.