பார்த்துக்கொள்பவர் படுத்துவிட்டால்?

ஆசிரியருக்கு,

பக்கவாதத்தில் படுத்த என் அம்மாவையும், அறிவுசார் குறைபாடுள்ள தம்பியையும் கொரோனா காலம் முழுக்க அக்கா ஒருவரே பார்த்துக்கொண்டார். 2020 மே மாதம் கோயம்பேடு சந்தைத் தொடர்பில் கடலூர் மாவட்டத்தில் தொற்று மளமளவென்று கூடியபோது வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. அக்காவுக்கு வந்துவிட்டால் அம்மாவை யார் புரட்டிப் படுக்க வைப்பது? வேறு யார் ஊட்டினாலும் சாப்பிடாத தம்பியை என்ன செய்வது?

60 வயதைக் கடந்தவர்களுக்கு 2021 மார்ச் 1 முதல் தடுப்பூசி போட்டார்கள். சரி, எழுந்து நடக்க முடியாதவர்கள்? வீட்டுக்கே போய்ப் போட மத்திய அரசு வழிகாட்டுதல் தந்தது செப்டம்பரில்தான். அதற்குள் கொடுமையான இரண்டாம் அலையே வந்து போய்விட்டது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் வலி தணிப்பு சிகிச்சையும் வீடு தேடி வருகின்றன. மனதார வரவேற்கிறேன். ஆனால் அந்த நோயாளியைத் தூக்கிக் குளிப்பாட்டும் மகளையோ மருமகளையோ யார் கணக்கில் எடுக்கிறார்கள்?

சுனாமியும் தானே புயலும் பார்த்த மாவட்டம் இது. புயலுக்கு முன்பே முகாம்களைத் தயார் செய்வதுபோல, அடுத்த பெருந்தொற்று வருவதற்கு முன்பே வார்டு வாரியாகப் படுக்கையில் இருப்பவர்களையும் அவர்களைப் பராமரிப்பவர்களையும் மாவட்ட நிர்வாகம் இப்போதே பட்டியலிட வேண்டும். தடுப்பூசியில் பராமரிப்பவருக்கும் முன்னுரிமை வேண்டும். அவர் நோயில் விழுந்தால் அன்றே வீட்டுக்கு வர, பயிற்சி பெற்ற மாற்று ஆள் வேண்டும். அப்புறம், மாற்றுத்திறனாளியைத் தனிமை வார்டில் சேர்த்தால், பழகிய ஒருவரைக் கவச உடையோடு உடன் இருக்க விட வேண்டும்.

ஒரு வாசகர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.