புல்லட்டுக்குக் கோன் செட் மாற்றப்போகும் மகளுக்கு

கண்ணு,

ஹேண்டிலைத் திருப்பினால் நேராக வரும் இடத்தில் டக்கென்று மாட்டுகிறது, பிரேக் பிடித்தால் முன்னால் ஏதோ தட்டுகிறது என்றாயே, அந்த இரண்டும் போதும், ஹேண்டில் திரும்பும் கழுத்தில் இருக்கிற பேரிங், அதாவது கோன் செட் (கப், கோன், நடுவே உருளும் எஃகுக் குண்டுகளான பால்ஸ்) போய்விட்டது. மேல் நட்டை டைட் வைத்தால் சரியாகிவிடும் என்று அங்கே யாரோ சொன்னார்களாம். வேண்டாம். டைட் வைத்தால் தட்டுகிற சத்தம் போகும், மாட்டுவது போகாது. வண்டி ஓடும்போது ஹேண்டில் பெரும்பாலும் நேராகத்தான் இருக்கிறது, அதனால் ரோட்டில் ஒவ்வொரு பள்ளத்திலும் பால்ஸ் கப்பில் அதே இடத்தில்தான் இடிக்கிறது, நாளாக நாளாக அங்கே வரிசையாகக் குழி விழுந்துவிடும். கிரீஸ் காய்ந்து ஆட்டமும் இருந்தால் இன்னும் சீக்கிரம். நாம் வண்டியை நேராக ஓட்டுவதே ஹேண்டிலை மயிரிழை மயிரிழையாகத் திருத்திக்கொண்டே இருப்பதால்தான். அது குழியில் மாட்டினால் மெதுவாகப் போகும்போது வண்டி அலையும். மழையில் கண்டாலா மலைப்பாதை இறங்குகிற உனக்கு அது ஆகவே ஆகாது.

பால்ஸுக்குப் பதில் சரிவான உருளைகள் வைத்த டேப்பர் ரோலர் பேரிங் போடலாமா என்று கேட்டாய். போடலாம், பாரம் உருளையின் நீளம் முழுக்கப் பரவும், குழி விழ நாளாகும். ஆனால் 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் இங்கிலாந்தில் ரெடிட்ச் ஊரிலிருந்த ராயல் என்ஃபீல்டு கம்பெனியோடு சேர்ந்து இங்கே புல்லட் செய்ய ஆரம்பித்த காலத்து அமைப்பு இந்தக் கப்பும் பால்ஸும், எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். ஒழுங்காக மாட்டினால் எனக்கு அதுவே போதும். ஒன்று மட்டும், கப், கோன், பால்ஸ் எல்லாமே புதுசாகப் போடு. பழைய கப்பில் புது பால்ஸ் போடுவது வீண் வேலை.

சக்கரம், மட்கார்டு, ஹேண்டில், ஃபோர்க் கால்கள் எல்லாம் நீ கழற்றிவிடுவாய். ஹெட்லைட்டும் ஆம்பியர் மீட்டரும் உட்கார்ந்திருக்கும் அந்த அலுமினிய மண்டைக்குள் ஒயர்களைத் தொடும் முன் போனில் போட்டோ எடுத்துக்கொள். சேஸின் கழுத்துக் குழாய்க்குள் நிற்கும் தண்டான ஸ்டெம்மை இறக்கும்போது பால்ஸ் கொட்டும், கீழே பழைய வேட்டி ஒன்றை விரித்து வை. கொட்டினதை எண்ணி அதையே கணக்காக வைத்துக்கொள்ளாதே, முன்பு கழற்றினவர் ஒன்றிரண்டைத் தொலைத்திருக்கலாம். கால் அங்குல பால்ஸ், மேலே 19, கீழே 19.

பழைய கப்பை எதிர்ப் பக்கத்திலிருந்து நீளக் கம்பி விட்டு, ஒரே இடத்தில் அடிக்காமல் சுற்றிச் சுற்றித் தட்டினால் வந்துவிடும். புதுசை மாட்டுவதில்தான் பொறுமை வேண்டும். முதல் நாள் ராத்திரியே கப்பை ஃப்ரீசரில் வை, உலோகம் கொஞ்சம் சுருங்கும். உட்காரும் இடத்தைத் துடைத்து, நீளமான மரைக்கம்பியை உள்ளே விட்டு, இரண்டு பக்கமும் தடித்த வாஷரும் நட்டும் போட்டு மெல்ல இழு. சாய்ந்தால் உடனே நிறுத்து, சாய்ந்தபடி இழுத்தால் சேஸ் குழாயின் வாய் கெட்டுவிடும், அதைச் சரிசெய்வது பெரிய வேலை. கப்பின் மேல் சுத்தியால் நேரடியாக அடிக்கவே கூடாது, அது கடினமாக்கிய எஃகு, தெறிக்கும். முழுதாக உட்கார்ந்ததா என்று விளிம்பில் நகத்தை ஓட்டிப் பார், எங்கேயும் சந்து தெரியக் கூடாது.

கிரீஸைத் தாராளமாக அப்பு, அதுதான் பால்ஸைப் பிடித்து நிறுத்தும்.

இனி அட்ஜஸ்ட்மென்ட், இதற்குத்தான் இவ்வளவும் எழுதினேன். எஞ்சினுக்கு அடியில் மரப்பெட்டி கொடுத்து முன் சக்கரத்தைத் தூக்கி வை. ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் இழு, ஆட்டமே இருக்கக் கூடாது. அப்புறம் ஹேண்டிலை நேராக வைத்து விரலால் லேசாகத் தொடு, தன் பாரத்திலேயே கடைசி வரை சாய வேண்டும், இரண்டு பக்கமும். சாயாவிட்டால் டைட் அதிகம், நட்டைக் கொஞ்சம் தளர்த்து (கேபிள் ஏதாவது இழுத்துப் பிடிக்கிறதா என்று முதலில் பார்). ஸ்டெம்மை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் போல்ட்டை முறுக்கினதும் ஆட்டம், சாய்வு இரண்டையும் மறுபடி பார்க்க வேண்டும், முறுக்கும்போது செட்டிங் நகரும். நிறையப் பேர் இங்கேதான் விட்டுவிடுகிறார்கள்.

சில நூறு கிலோமீட்டர் ஓடினதும் கப் இன்னும் கொஞ்சம் அமரும், லேசாக ஆட்டம் வரும், திரும்ப ஒருமுறை வைத்துக்கொள். வாட்டர் சர்வீஸில் விட்டால் அந்த இடத்தில் பிரஷர் தண்ணீர் அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிடு. கோன் செட்டும் மரைக்கம்பியும் கூரியரில் போட்டிருக்கிறேன், வந்ததும் போன் செய், வேலை ஆரம்பிக்கும்போது வீடியோ காலில் நானும் இருக்கிறேன்.

அப்பா