உச்சியில் பந்து நிற்கும் நொடி

அன்புத் தங்கைக்கு,

"நுண்கணிதம் ஓரளவு வரும். ஆனா பிசிக்ஸ் பக்கமே போனதில்லையே அக்கா, இந்தப் பாடத்தை எடுக்கலாமா?" என்று கேட்டிருந்தாய். தயங்காமல் எடு.

உடன் படிப்பவர்கள் பலர் பள்ளிச் சூத்திரங்களைக் கடகடவென்று ஒப்பிப்பார்கள். மலைத்துவிடாதே. ஒரு வண்டி நிலையிலிருந்து புறப்படுகிறது; அதன் வேகம் நேரத்தின் வர்க்கத்தைப்போல 3 மடங்கு. 1 வினாடியில் 3 மீ/வி, 2 வினாடியில் 12 மீ/வி. அந்த 2 வினாடியில் எவ்வளவு தூரம் போயிருக்கும்? சூத்திரத்தை மட்டும் நம்புகிறவர், 2ஆம் வினாடியின் முடுக்கமான, அதாவது வேகம் மாறும் வீதமான, 12-ஐ எடுத்து, அதில் பாதியை நேரத்தின் வர்க்கத்தால் பெருக்கி, 24 மீட்டர் என்பார். முடுக்கம் மாறாதிருந்தால்தான் அந்தச் சூத்திரம் செல்லும். இங்கே அது நொடிக்கு நொடி மாறுகிறது. வேகத்தைத் தொகையிட்டு, அதாவது கணத்துக்குக் கணம் கடந்த தூரத்தையெல்லாம் கூட்டிப் பார், 8 மீட்டர்தான் வரும். உன் கையில் இருக்கும் நுண்கணிதம்தான் அந்தச் சூத்திரமே பிறந்த இடம்.

முதல் தேர்வில் நான் தவறவிட்ட கேள்வி இன்றும் நினைவிருக்கிறது. மேலே எறிந்த பந்து உச்சியில் இருக்கும்போது அதன் முடுக்கம் என்ன? வேகம் சுழியம், எனவே முடுக்கமும் சுழியம் என்று எழுதினேன். வேக வரைபடத்தை வரைந்திருந்தால் தெரிந்திருக்கும். அது கீழ்நோக்கிச் சரியும் ஒரு நேர்கோடு. உச்சியில் அச்சை வெட்டுகிறது, அவ்வளவுதான். அந்தக் கோட்டின் சாய்வுதான் முடுக்கம்; அது மாறுவதே இல்லை. அங்கேயும் கீழ்நோக்கி 9.8 மீ/வி² தான். ஒரு சார்பின் மதிப்பு வேறு, அது மாறும் வீதமான வகைக்கெழு வேறு என்பது உனக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம்தானே?

நீ உண்மையில் திணறப்போவது வேறோர் இடத்தில். கேள்வியின் சொற்களைப் படமாக்குவதில். கணக்குப் போடத் தொடங்கும் முன் பொருளைத் தனியாக வரைந்து, அதன்மேல் செயல்படும் விசைகளை அம்புக்குறியாகப் போடு. ஒவ்வொரு அம்பையும் பார்த்து, "உன்னைச் செலுத்துவது யார்?" என்று கேள். பூமியா, மேசையா, கயிறா? பதில் கிடைக்காத அம்பை அழித்துவிடு. கையை விட்டுப் பறந்த பந்துக்கு மேல்நோக்கி ஒரு விசை வரையத் தோன்றும். எனக்கும் தோன்றியது. கை விட்ட பிறகு அதைத் தள்ளுவது யார்?

இந்தப் பழக்கம் வர சில வாரம் பிடிக்கும். அதுவரை மதிப்பெண்ணைப் பார்த்து உன்னை எடைபோடாதே.

சாய்தளத்தில் சறுக்கும் கட்டையின் படத்தை வரைந்து இந்த ஞாயிறுக்குள் அனுப்பு. விடை வேண்டாம், அம்புகள் மட்டும் போதும்.

அன்புடன்,
அக்கா